17ஆம் வாய்ப்பாடு

காரைக்குடியில் காலையிலிருந்து மழை, கரண்ட் வேறு இல்லை, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறவரை பைத்தான் நிரல்மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) பழகலாம் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். வைல் லூப்பில் 17ஆம் வாய்ப்பாடு எழுதினேன், எத்தனையாவது சுற்று என்று எண்ணும் ஐ-யோடு ஒன்றைக் கூட்டும் வரியை மட்டும் மறந்துவிட்டேன், அவ்வளவுதான், திரை முழுக்க 17, 17, 17 என்று கொட்டுகிறது, கன்ட்ரோல் சி அழுத்தும்வரை நிற்கவே இல்லை.

எட்டிப் பார்த்த அப்பத்தா, "என்னடா, தேன்குழல் பிழியிற மாதிரி வந்துக்கிட்டே இருக்கு, மாவு தீராதா?" என்றார்.

சரி, ஃபார் லூப்புக்கு மாறினேன். எதிலிருந்து எதுவரை என்று சொல்லும் ரேஞ்சில் 1, 10 கொடுத்தால் 153-லேயே நின்றுவிட்டது! கடைசி எண்ணை அது சேர்த்துக்கொள்ளாதாம் (என்ன கணக்கோ). 11 என்று மாற்றிய பிறகுதான் 170 வந்தது. அதற்குள் அப்பத்தா 16ஆம் வாய்ப்பாட்டை வாயாலேயே சொல்லி முடித்துவிட்டார்.