வலையை விட்டுவிட்டு வெட்டினேன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்த படத்தை நேற்று ராத்திரி மறுபடி திறந்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். எடுத்தபோது நன்றாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், ஆனால் பெரிய திரையில் பார்த்தால் வலது ஓரத்தில் யாருடைய பைக்கோ பாதி நிற்கிறது, மேலே மூன்றில் ஒரு பங்கு வெளுத்துப்போன வானம், நடுவில் அவர் சின்னதாக உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கண் பைக் கண்ணாடியின் பளபளப்புக்குப் போய்விடுகிறது.

முதலில் முகமும் கையும் மட்டும் வரும்படி இறுக்கி வெட்டினேன். பைக் போனது, வானம் போனது, கூடவே வலையும் போய்விட்டது. ஒருவர் குனிந்து எதையோ பார்க்கிறார், அவ்வளவுதான். க்ராப் செய்யும்போது, அதாவது படத்தின் ஓரங்களை வெட்டும்போது, நான் அடிக்கடி செய்கிற தவறு இது, முகம் இருந்தால் போதும் என்று நெருங்கிப் போய், அந்த முகம் எதைப் பார்க்கிறதோ அதையே வெளியே தள்ளிவிடுவது.

சரி, மறுபடி முழுப் படத்துக்கு வந்து இடது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். அவர் மடியிலிருந்து கீழ் மூலைவரை நீல வலை சரிந்து கிடக்கிறது. அதை முழுசாக உள்ளே விட்டதும் அவர் தானாக வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டார், வலையின் மடிப்புகளைப் பிடித்துக்கொண்டே போனால் அவர் விரல்களில் போய் நிற்கலாம். இப்போது அது வலை தைக்கிற மனிதரின் படம். கீழ்க்கோடு மட்டும் சரியாகக் கணுக்காலில் விழுந்தது. கணுக்கால், முட்டி, மணிக்கட்டு என்று மூட்டில் வெட்டினால் உறுப்பே துண்டானதுபோல் உறுத்தும், அதனால் பாதம் முழுசாகத் தெரியும்படி கீழே இறக்கினேன்.

க்ராப் செய்தாலே ஏமாற்று வேலை என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். க்ராப்பைக் கடுமையாக எதிர்த்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியர் பிரஸ்ஸான், ஆனால் பாரிஸில் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் அவருடைய 1932ஆம் வருடப் படமே க்ராப் செய்யப்பட்டதுதான், வேலிப் பலகை மறைத்த இடது பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்கப் புகைப்படக்காரர் அர்னால்ட் நியூமன் 1946இல் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படம். பியானோவின் திறந்த கறுப்பு மூடி படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அவர் கீழே இடது மூலையில் தலையைக் கையில் ஊன்றியபடி சின்னதாக இருப்பார். முழு நெகட்டிவைப் பார்த்தால் சாதாரணமாக ஒரு அறை, ஒரு பியானோ, ஒரு மனிதர். சுற்றியிருந்ததை வெட்டிய பிறகுதான் அந்த மூடி இசைக் குறியீட்டில் வரும் ஃப்ளாட் அடையாளம் (♭) மாதிரி எழுந்து நிற்கிறது. முகத்தைப் பெரிதாக்க நியூமன் வெட்டவில்லை, அந்தக் கறுப்பு வடிவத்துக்காக வெட்டினார். அதனால்தான் எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கும்.

கணக்கும் கொஞ்சம் பார்க்கவேண்டும். என் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 பிக்சல். வெட்டியது போக 3600க்கு 2400 மிஞ்சியது, கிட்டத்தட்ட எட்டரை மெகாபிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 12க்கு 8 அங்குலம் பிரிண்ட் போடலாம். பிரிண்ட் போடுவதாக இருந்தால் தாளின் நீள அகல விகிதத்தை முதலிலேயே பூட்டிவிட்டு வெட்டுங்கள். ஃபோன் படம் பெரும்பாலும் 4க்கு 3, அதை அப்படியே 6க்கு 4 தாளில் போடக் கொடுத்தால் ஓரத்தைக் கடையில்தான் வெட்டுவார்கள், எங்கள் வீட்டுக் குடும்பப் படம் ஒன்றில் பின்வரிசையில் நின்ற சித்தப்பாவின் நெற்றி அப்படித்தான் போனது.

ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள். காசிமேடு படத்தை மூடுவதற்கு முன்னால் முழு ஃப்ரேமையும் இன்னொரு தடவை பார்த்தேன், நான் வெட்டிப்போட்ட மேல் இடது மூலையில், கரையேற்றிய படகுக்கு அடியில் ஒரு பூனை மீன் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1200க்கு 1500 அளவில் அது தனிப் படமாக வந்தது. ஃபோனில் பார்க்க அது போதும்.