நீலத் திரை வந்தால் உடனே ஃபார்மட் வேண்டாம்

பேக்கப் எடுக்கப் போய் லேப்டாப் பூட் ஆகாமல் நின்றுவிட்டால், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விருதுநகரில் சித்தப்பாவின் லேப்டாப்பை ஃபார்மட் அடிக்கக் கடைக்குக் கொண்டுபோக இருந்தார்கள். நல்லவேளை, அதற்கு முன்னால் தம்பி எனக்குப் போன் செய்தான்.

சித்தப்பா சின்னச் சின்னக் கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதிக் கொடுப்பவர். மாதம் பிறந்தால் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி மூன்று-பி என்ற வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். அந்த லேப்டாப்பில் இருப்பது அவர் பிழைப்பு மட்டுமல்ல, அவரை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கும்தான். அதனால்தான் தம்பி முழு டிஸ்க்கையும் க்ளோனசில்லா என்ற பிரதி எடுக்கும் மென்பொருளில் பிரதி எடுக்க உட்கார்ந்தான். பென் டிரைவில் பூட் செய்தால், வெளியே செருகிய ஹார்டு டிஸ்க் மட்டும் தெரிகிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பட்டியலிலேயே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரையில், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைத்தான், டிஸ்க்கோடு பேசும் சேமிப்பு முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினான். டிஸ்க் தெரிந்தது. அதற்குள் சித்தப்பா ஒரு பில்லைப் பார்க்கணும் என்று கேட்க, விண்டோஸுக்குத் திரும்பியிருக்கிறான்.

"அண்ணே, நீலக் கலர்ல வந்து 48 நம்பர் கேக்குதுண்ணே. நாங்க எதையும் பூட்டவே இல்லையே!"

அவர்கள் பூட்டவில்லைதான். பல லேப்டாப்களில் முதன்முதலாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போதே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். திறக்கும் சாவியை லேப்டாப்புக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் வைத்திருக்கும். அது தராவிட்டால் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செக்யூர் பூட் மாறியதும், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி அந்தச் சிப் சாவியைத் தராது. சரி, அந்த 48 இலக்கத்தையும் அடித்து உள்ளே போனாலும் அடுத்து 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்றுதான் நின்றிருக்கும். விண்டோஸ் எழும்போது ரெய்டுக்கான டிரைவரைத்தான் ஏற்றிக்கொள்ளும், ஏஎச்சிஐக்கானதை அல்ல.

இரண்டையும் பழையபடியே வைக்கச் சொன்னேன். ரெய்டு, செக்யூர் பூட் ஆன். சாவி கேட்காமலே விண்டோஸ் வந்துவிட்டது. சித்தப்பா பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது.

வந்ததும் முதல் வேலையாக டேலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் போடச் சொன்னேன். முழு டிஸ்க் பிரதியெல்லாம் அப்புறம். அடுத்தது அந்த மீட்புச் சாவி. சித்தப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினால் இல்லை. லேப்டாப் வாங்கிய அன்று தன் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்தது தங்கச்சி. சாவி அவள் கணக்கில் இருந்தது. நீலத் திரையைத் தம்பி போட்டோ எடுத்து வைத்திருந்தான். அதில் இருந்த அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்பார்த்து, சித்தப்பாவின் பில் நோட்டில் எழுத வைத்தோம். சாவியை அந்த லேப்டாப்பிலேயே சேமிப்பது, வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது போல.

பிறகு முறையாகச் செய்தோம். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்து, முழுதும் அவிழும்வரை பொறுத்திருந்தோம். என்க்ரிப்ட் ஆன பகுதி என்றால் க்ளோனசில்லாவுக்கு எது காலியிடம் என்று தெரியாது, மொத்தப் பகுதியையும் அப்படியே அள்ளும். அப்புறம் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்பில், குறைந்தபட்ச டிரைவர்களோடு சேஃப் மோடில் எழச் செய்யும் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றினான் தம்பி. சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அங்கே பின் எண் சில சமயம் வேலை செய்யாது, பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸ் வழக்கம்போல் வந்தது. செக்யூர் பூட்டை இந்த முறை தொடவே இல்லை. க்ளோனசில்லாவின் உபுண்டு பதிப்பு செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஓடும்.

பிரதி எடுக்கும் முன் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்கச் சொன்னேன். சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் சாதாரண ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக அணையாது, க்ளோனசில்லா அந்தப் பகுதியை எடுக்க மறுக்கும். முடிந்ததும் பிரதி மீட்கக்கூடியதுதானா என்று அதுவே சரிபார்க்கும். நேரம் பிடிக்கும்தான், ஆனாலும் அதை விட வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியில் என்க்ரிப்ஷனை மறுபடி ஆன் செய்தோம். அப்படி ஆன் செய்ததும் சாவி புதிதாகிவிடும். பில் நோட்டில் இருந்ததை அடித்துவிட்டுச் சித்தப்பாவே புதிய எண்ணை எழுதிக்கொண்டார். தங்கச்சியிடமும் ஒரு பிரதி இருக்கிறது.