டப்பாக்களும் எடைக்கருவியும்: ஏழு வாரக் குறிப்புகள்

ஜனவரி 6

இன்று காலை எடை 82 கிலோ. தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடுவது, வாரத்தில் நான்கு நாள் பளு தூக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், இந்தக் கணக்கில் வாரத்துக்கு அரைக் கிலோகூட முழுதாகக் கரையாது. போன முறை அவசரப்பட்டுச் சாப்பாட்டைப் பாதியாக்கியதில் எடை மளமளவென்று இறங்கியது உண்மைதான். ஆனால் தொடையும் தோளும் சேர்ந்தே வற்றி, தோளில் 100 கிலோ வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த ஸ்குவாட் பயிற்சி 80 கிலோவுக்கு வந்து நின்றது. மீட்டெடுத்த அந்த 100 கிலோ, 5 முறை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 8

உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் புரதம் என்று வைத்தால் எனக்கு 164 கிராம் வேண்டும். சாப்பாட்டில் 115 கிராம் தேறுகிறது. மீதிக்கு வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர், டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் இரண்டு ஸ்கூப். ஒரு ஸ்கூப் 30 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்கிறது டப்பா. டப்பாவின் அடியில் புதைந்து கிடந்த கரண்டியை முழங்கை வரை பவுடராக்கிக்கொண்டு வெளியே எடுத்து, வழக்கம்போலக் குவித்து அள்ளி, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 38 கிராம். இரண்டு ஸ்கூப்புக்கு அறுபது கலோரிக்கு மேல் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இனி கரண்டியை நம்புவதாக இல்லை.

ஜனவரி 17

பளு தூக்கும்போது தசைக்கு உடனடி ஆற்றல் கொடுக்க உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடரைத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்தாலே மூன்று நான்கு வாரங்களில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும் என்று தெரிந்திருந்தும், பொறுமையில்லாமல் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்துக் குடித்தேன். வயிறு அதற்குத் தக்க தண்டனை கொடுத்தது. இன்று எடை 82.9. பன்னிரண்டு நாள் வாயைக் கட்டியும் எடை கூடியிருப்பதைப் பார்த்து எரிச்சலாக இருந்தாலும், கிரியேட்டின் தசைக்குள் நீரை இழுத்து வைப்பதால் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது வழக்கம்தான். இடுப்பு அளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. டேப்புக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. நாளையிலிருந்து 5 கிராம்.

ஜனவரி 27

ஜிம்மில் கூடப் பயிற்சி செய்யும் நண்பர், தான் சாப்பிடும் 'கொழுப்பு கரைப்பான்' மாத்திரை டப்பாவைக் கையில் திணித்தார். பின்பக்கம் பச்சைத் தேயிலைச் சாறு முதலாக ஏழெட்டுப் பொருள்களின் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொத்த எடையே தவிர, எது எவ்வளவு என்ற விவரம் இல்லை. அளவு தெரிந்த ஒரே பொருள் காஃபின், அதுவும் ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. எடை குறைக்கும் மருந்தாகக் கொடிகட்டிப் பறந்த எஃபிட்ராவை அமெரிக்கா 2004-இல் தடை செய்ததற்கும் காரணம் இதயக் கோளாறுகளும் பக்கவாதமும்தான். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், மாலையில் விழுங்கினால் தூக்கமும் போய்விடும். குறைவாகச் சாப்பிடும் நாள்களில் தசையைக் காப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டப்பாவை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 8

வழக்கமான இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் வரம்பைச் சற்றுத் தாண்டியிருந்தது. அறிக்கையைப் பார்த்ததுமே மருத்துவர், "ஏதாவது பவுடர் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றார். கிரியேட்டின் உடைந்து கிரியேட்டினினாக வெளியேறுவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் உயரக்கூடும் என்று விளக்கிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், கிரியேட்டின் பவுடரால் மாறாத இன்னொரு சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னார். அது சரியாகவே இருந்தது. பரிசோதனைக்கு முன்பே சொல்லியிருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பிப்ரவரி 24

எடை 80.1 கிலோ. ஏழு வாரத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை என்று யாராவது சிரிக்கலாம். அதற்குள்ளேயே ஒரு கிலோவாவது நீராகச் சேர்ந்திருக்கிறது. இடுப்பு 5 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. ஸ்குவாட்டில் 100 கிலோவை இன்றும் 5 முறை எடுத்தேன், ஐந்தாவது முறை கால்கள் நடுங்கினாலும். புரோட்டீன் டப்பா காலியாகப் போகிறது. சாப்பாட்டிலேயே 140 கிராம் வரை புரதம் கொண்டுவரப் பழகிவிட்டதால், அடுத்த டப்பாவில் நாளைக்கு ஒரு ஸ்கூப் போதும், தராசில் நிறுத்த ஸ்கூப்.