பின்னாலிருந்து வசனம் சொன்னவன்

நம் பள்ளி மலர்க் குழுவில் இருக்கும் தம்பி போன் செய்து, "அண்ணா, டிவியில இத்தனை வருஷம் இருந்தீங்க, நட்சத்திரங்களைப் பத்தி ஏதாவது எழுதுங்க" என்றார். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நம் பள்ளி மலருக்கு என்றால் எனக்கு 1975 ஆண்டு விழாவிலிருந்துதான் தொடங்க வருகிறது.

அப்போது பத்தாம் வகுப்பு. பதினொன்றில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலம். நாடகத்தில் வேஷம் கேட்டுத் தமிழையாவிடம் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "குரல் இருக்கு. மூஞ்சி வேண்டாம். பின்னால நில்லு" என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நாடகம் அவரே எழுதியது, ஏதோ ஒரு சேர மன்னன் கதை. ராஜா வேஷம் அம்மாப்பேட்டை தறிக்காரர் மகனுக்கு. பார்க்க லட்சணமாக இருப்பான், நாலு வரி மனப்பாடம் ஏறாது. அவனுக்காகவே நான் பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது காட்சியில் கரண்ட் போய்விட்டது. மைதானம் முழுக்க இருட்டு. ராஜா வாளை ஓங்கியபடி நிற்கிறான், வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. என்னிடம்தான் விளக்கு, என்னிடம்தான் நோட்டு. சரி என்று ராஜா, மந்திரி, ராணி எல்லாருக்கும் நானே குரலை மாற்றி மாற்றிப் படித்தேன். ராணிக்குக் குரல் பிசிறியது, சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. காட்சி முடியும் நேரம் கரண்ட் வந்தது. ராஜா வாளை இன்னும் இறக்கவில்லை. கைதட்டல் மொத்தமும் அவனுக்கு. ஐயா மட்டும் பின்பக்கம் வந்து, "கண்ணுக்குத் தெரியலைன்னாலும் ஜனம் காதைக் கொடுத்து உக்காந்திருக்கும்டா" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னார், மண்ணெண்ணெய் வீணாகிறதாம்.

நம் வகுப்பில் இன்னொருவனின் அப்பா சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் செட் தச்சர். இப்போது போகிறவர்களுக்கு அதன் வாசல் வளைவு மட்டும்தான் தெரியும். முதல் மலையாளப் பேசும் படம் 1938-ல் அங்கிருந்துதான் வந்தது, 1956-ல் முதல் தமிழ் வண்ணப் படமும் அங்கிருந்தே. அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தும் அந்தத் தச்சர் அவரை 'முதலாளி' என்றுதான் சொல்வார். ஒன்பது மணி கால்ஷீட் என்றால் எட்டே முக்காலுக்கு ஆணியடிக்கும் சத்தம் நின்றிருக்க வேண்டுமாம். எனக்கு அப்போது அதில் சுவாரசியம் இல்லை. ஹீரோயின்களைப் பற்றிக் கேட்கவே நாங்கள் போவோம்.

அதே 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது நமக்கெல்லாம் பேப்பர் செய்தி. நான் டிவி பெட்டியை முதலில் பார்த்தது சென்னைக்கு வேலை தேடிப் போன பிறகு, ஒரு கடை வாசலில், தெருவில் நின்றபடி. உள்ளே 'ஒளியும் ஒலியும்' ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சில வருடம் விளம்பரப் படக் கம்பெனியில் எடுபிடி, தூர்தர்ஷனுக்கு ஸ்பான்சர் நிகழ்ச்சி செய்தவர்களிடம் உதவியாளர். இவற்றை விரித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்த சில வருடங்களில் ஒவ்வொன்றாகத் தனியார் சானல்கள் முளைத்தன. எங்களைப் போன்றவர்களுக்குத் திடீரென்று வேலை. தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று நினைப்பார்கள். போடுவது உண்மைதான், யாருடைய பணம் என்பதுதான் கேள்வி. சானலிடம் அரை மணி நேர ஸ்லாட் வாங்குவோம். அதற்குக் கட்டணம் நாம் கட்ட வேண்டும். பதிலுக்கு அந்த அரை மணியில் சில நிமிடம் விளம்பர நேரம் நமக்குக் கிடைக்கும். அதைப் பத்து வினாடிக்கு இவ்வளவு என்று ஏஜென்சிகளிடம் விற்று, அந்தக் காசில் நடிகர் சம்பளம், லைட்மேன் பேட்டா, ஜெனரேட்டர் டீசல், புரொடக்‌ஷன் சாப்பாடு. சானலுக்குக் கட்டுவது இந்த வாரம், ஏஜென்சி பணம் வருவது மூன்று மாதம் கழித்து. நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பியது என் மனைவியின் செவ்வாய்ப்பேட்டை நகைகள். அதில் கால்வாசிதான் அடகுக்கடையிலிருந்து திரும்பி வந்தது, அவளும் அதை மறக்கவில்லை.

1999 கடைசியில் 'சித்தி' வந்த பிறகு வாரத்தொடர்க்காரர்கள் எல்லாரும் தினத்தொடருக்கு ஓடினோம். அரை மணியில் கதைக்கு மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதைத் தினமும் எடுக்க வேண்டும். நடிகர்கள் மனப்பாடம் செய்ய எங்கே நேரம்? கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வசனத்தை வரிவரியாகச் சொல்வார், நடிகர் வாங்கிச் சொல்வார். டப்பிங்கில் சரி செய்துகொள்ளலாம். பிராம்ப்டிங் என்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாசமே வந்துவிட்டது. உதவி இயக்குநருக்குக் காய்ச்சல் என்றால் நானே போய் நின்றுவிடுவேன். தயாரிப்பாளர் பிராம்ப்ட் செய்வதா என்று மேனேஜருக்குத்தான் மானக்கேடு.

ஒருமுறை ஏற்காட்டில் ஐந்து நாள் ஷெட்யூல் போட்டேன். சொந்த ஊர்ப் பாசம், வேறு காரணம் ஒன்றுமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே ஜெனரேட்டர் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்து, லேடீஸ் சீட்டில் காதலர் பிரியும் காட்சி. இரண்டு ஷாட் எடுத்தோம், கீழே சேலம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவதற்கு லென்ஸ் மாற்றுவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கதாநாயகி நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புச் சேலைக் கறை மாதிரி தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. முன் ஷாட்டோடு ஒட்டாது, பேக்கப் சொல்லுங்கள் என்றார் இயக்குநர். எங்கள் கையிருப்பில் இருந்ததோ இரண்டே எபிசோட். நான், கேமரா ஓடட்டும், வெறும் பனியையே எடுங்கள், வசனம் மேலே வரட்டும் என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு நிமிடம் வெள்ளைத் திரை, இரண்டு குரல். ஒளிபரப்பான வாரம் ரேட்டிங் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இயக்குநர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆனால் அந்தக் காட்சி ஒளிபரப்பான ராத்திரி அம்மா போன் செய்தாள். "ஏங்கண்ணு, இன்னிக்குத்தான் உன் நாடகம் முழுசாப் புரிஞ்சுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை சேலம் போனபோது கவனித்தேன். எட்டரை மணிக்கு அவள் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். டிவி கூடத்தில். அவள் என் தொடரை இத்தனை நாளும் பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்களோ முக்கியமான திருப்பத்தையெல்லாம் கண்ணாலேயே பேச வைத்து, மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டி, டம்டம் என்று இசையைப் போட்டு முடித்துக்கொண்டிருந்தோம். அடுப்படியில் இருப்பவளுக்கு டம்டம் மட்டும்தான். அதற்குப் பிறகு யார் அறைக்குள் வந்தாலும் எதிரில் இருப்பவர் பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எழுத்தாளரிடம் சொல்லிவிட்டேன். "வாங்க மாமா", "என்ன அண்ணி இந்த நேரத்துல?" விமர்சகர்கள் இதைத்தான் செயற்கை என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். தோசை ஊற்றுகிறவளுக்கு யார் வந்தது என்று தெரிய வேண்டுமே.

2012 வாக்கில் மின்வெட்டு வந்தபோது வேறு கூத்து. சென்னையில் குறைவு, சேலம் பக்கம் நாளெல்லாம் இருட்டு. கரண்ட் போன வீட்டில் ரேட்டிங் அளக்கும் மீட்டர் இருந்து என்ன பயன்? ஊரில் பாதிப் பேருக்குக் கதை பாதிதான் தெரியும். மறுநாள் காலையில் அம்மாவுக்கு நானே போனில் கதை சொல்வேன், குரலை மாற்றி மாற்றி.

என் கடைசித் தொடரை ஒரு சானல் ஒரே போன் காலில் நிறுத்தியது. பத்து எபிசோடுக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று வருடமாகக் கெடுதலே செய்துகொண்டிருந்த நாத்தனார் ஒரே மதியத்தில் திருந்தினாள். கோமாவில் இருந்த மாமனாரை இரண்டே நாளில் எழுப்பி உட்கார வைத்தோம். அந்த நடிகர் ரொம்ப வருத்தப்பட்டார். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கிய வேடம் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதானாம்.

இப்போது மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். 1975 நாடகத்தின் குரூப் போட்டோ யாரிடமாவது இருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். ராஜா நடுவில் வாளோடு நிற்பான். என்னைத் தேட வேண்டாம், வலது ஓரத்தில் படுதாவுக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு கால் தெரியும், அது நான்தான். அந்தச் செருப்பை எடுத்தது யார் என்று இப்போதாவது சொல்லுங்கள். அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.