மாமா விட்டுப்போன ஸெட்88

மாமா, என் கணவரின் அப்பா, காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய அலமாரிக்குப் பின்னால் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு துண்டில் சுற்றி அவருடைய ஸெட்88 பிஸ்டல் இருந்தது. எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. அன்று மாலையே என் கணவர் அதைத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொண்டுபோய் முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி என்பது வீடு, நகை மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வருவதில்லை. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. நமக்கு வேண்டுமென்றால் நாம்தான் பயிற்சி எடுத்து, தகுதிச் சான்றிதழ் வாங்கி, நம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் விற்க வேண்டும், அல்லது அழிப்பதற்காகப் போலீஸிடம் கொடுத்துவிட வேண்டும்.

அந்த விண்ணப்பத்தை நான் போடுவதா வேண்டாமா என்பதுதான் இந்த ஐந்து மாதமும் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஓடிய பேச்சு. நான் ஏன் என்றால், என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. வாரத்தில் நாலு ராத்திரி நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும்தான். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஆட்கள் புகுந்தார்கள். அதற்கப்புறம் நாய் குரைத்தாலே எழுந்து உட்காருகிறேன்.

மாமா போலீஸ்காரர். காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். என்னிடம் பழைய தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வேலையில் இருந்தபோது அவர் இடுப்பில் இருந்தது அரசாங்கத்து ஸெட்88. ஓய்வு பெற்றதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் அதே மாதிரியைத் தன் காசில் வாங்கிக்கொண்டார். "கை பழகினது, மாத்தினா பாவம்" என்பாராம்.

ஸெட்88 என்பது அடிப்படையில் இத்தாலியின் பெரெட்டா 92. பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் லிட்டல்டன் தொழிற்சாலையில் செய்தது. 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவை இந்த நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கட்டாயத் தடை போட்டது. நிறவெறி அரசு வெளியே வாங்க முடியாததையெல்லாம் உள்ளேயே செய்துகொண்டது, அதில் இதுவும் ஒன்று. யாரை அடக்க அந்த அரசு இதைச் செய்ததோ, அந்த மக்களில் ஒருவரான எங்கள் மாமா, நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகும் பத்து வருஷம் அதைத்தான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சரி, பிஸ்டலுக்கு வருகிறேன். முழு அளவுப் பிஸ்டல். குழல் மட்டும் 125 மில்லிமீட்டர், தோட்டா அடுக்கும் மேகசினில் 15 தோட்டா, 9 மில்லிமீட்டர். வெறும் எடையே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து.

மாமாவின் தம்பி, சின்ன மாமாவும் போலீஸில் இருந்தவர். அவருக்கு இதைவிட நல்ல பிஸ்டல் பிறக்கவே இல்லை. சுடும்போது பின்னுக்குப் போய்வரும் மேல்பாகமான ஸ்லைடு மேலே திறந்தே இருப்பதால் காலித் தோட்டா எங்கேயும் சிக்காமல் வெளியே பறந்துவிடும், கனமாக இருப்பதால் சுடும்போது கையில் உதை குறைவு, அடுத்த குண்டு குறி தவறாது என்பார். எல்லாம் உண்மைதான், பிற்பாடு நானே கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதே பெரெட்டாவைத்தான் 1985இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

என் நாத்தனார் மகன் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் ஆயுதம் தாங்கி ரோந்து போகிறவன். அவன் க்ளாக் 17 என்கிற வேறொரு பிஸ்டலின் கட்சி. "அதை 2017லேயே அமெரிக்காக்காரன் மாத்த முடிவு பண்ணிட்டான், தெரியுமா தாத்தா?" என்று சின்ன மாமாவைச் சீண்டுவான். க்ளாக்கின் எடை இதில் மூன்றில் இரண்டு பங்குதான், இரண்டு தோட்டா கூட, சேஃப்டி நெம்புகோல் என்று எதுவும் இல்லை, எடுத்தால் சுடும், முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் விசை ஒரே மாதிரி. ஸெட்88இன் சேஃப்டி ஸ்லைடின் மேலேயே இருப்பதால், அவசரத்தில் ஸ்லைடை இழுக்கும் கை தெரியாமல் சேஃப்டியைக் கீழே தள்ளிவிடும், அப்புறம் விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது என்பது அவனுடைய பெரிய குறை. அதுவும் உண்மைதான்.

அமெரிக்கப் படையில் ஆரம்பத்தில் ஸ்லைடு உடைந்ததையும் எடுத்தான். அது 80களின் கடைசியில் நடந்தது, அதற்கப்புறம் உடைந்தாலும் ஸ்லைடு முகத்தை நோக்கிப் பறக்காதபடி சுத்தியலை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் பாகத்தை, மாட்டியிருக்கும் ஆணியின் தலையைப் பெரிதாக்கினார்கள். ஈராக்கில் மணலில் சிக்கியது என்பதையும் அவன் விடவில்லை. அங்கே பழி பிஸ்டல் மேல் விழுந்தாலும் குறை மேகசினில் இருந்தது. வேறு இடத்தில் செய்து வாங்கிய மேகசின்களின் பூச்சு சொரசொரப்பாக இருந்ததால் நுண்மணல் ஒட்டி, தோட்டா மேலே ஏறாமல் நின்றது. ஒரு துப்பாக்கியைப் பற்றிய கருத்தில் பாதி, அதோடு சேர்த்துக் கொடுத்த மற்ற பொருளைப் பற்றியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அத்தையின் கருத்து ஒரே வரி. "போலீஸ்ல குடுத்து உருக்கச் சொல்லு." முப்பது வருஷம் அந்தப் பெட்டிச் சாவியை ஒளித்து ஒளித்து வைத்தவர் அவர், அந்த வார்த்தைக்கு எடை உண்டு. ஆனால் நான் அதற்கும் தயங்கினேன். அழிப்பதற்காக ஒப்படைத்த துப்பாக்கிகளைச் சேர்த்து ஏறக்குறைய 2,000 ஆயுதங்களைக் கேப் டவுன் கும்பல்களுக்கு விற்ற போலீஸ் கர்னல் ஒருவருக்கு 2016இல் 18 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தத் துப்பாக்கிகளால் செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. மாமாவின் பிஸ்டல் ஏதோ ஒரு தெருமுனையில் ஒரு பையன் கைக்குப் போனால் என்கிற நினைப்பில் பல ராத்திரி தூங்கவில்லை.

பேசிப் பேசித் தீரவில்லை. அதனால் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பைன்டவுனுக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் ஒரு களம். சட்டம் பற்றி ஒரு தேர்வு, துப்பாக்கியைக் கையாள்வது பற்றி ஒரு தேர்வு, அப்புறம் சுட்டுக் காட்ட வேண்டும். பயிற்சி கொடுத்தவர் ஆப்பிரிகான்ஸ் பேசும் ஒரு பெரியம்மா, அறுபதைத் தாண்டியவர். நான் கதையைச் சொன்னதும் களத்துக்குச் சொந்தமான ஒரு ஸெட்88ஐ எடுத்து, காலி என்று எனக்கு மூன்று தடவை காட்டிவிட்டு, கையில் கொடுத்தார். "முதலில் விசையை மட்டும் இழு" என்றார்.

இழுக்க முடியவில்லை!

என் விரல் நுனிதான் விசையைத் தொட்டது. இந்தப் பிஸ்டலில் சுத்தியல் இறங்கியிருக்கும்போது முதல் குண்டுக்கு விசை நீளமாக, கனமாக வரும். அந்த ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னுக்குத் தூக்கி விடவும் வேண்டும். சுட்டவுடன் ஸ்லைடே சுத்தியலைத் தூக்கி வைத்துவிடுவதால் இரண்டாவது குண்டிலிருந்து விசை லேசாக, குட்டையாக வரும். பிடி வேறு தடிமன், இரண்டு வரிசையில் தோட்டா நிற்கிற மேகசின் உள்ளே போக வேண்டுமே. மாமாவின் கை முறம் மாதிரி இருக்கும். என் கை அப்படியில்லை. விரல் எட்டுவதற்காகப் பிஸ்டலை உள்ளங்கையில் திருப்பிப் பிடித்தேன், உதை கட்டைவிரல் மூட்டில் இறங்கியது.

அன்று 50 குண்டு சுட்டேன். ஒவ்வொரு ஐந்துக்கும் சேஃப்டியை இறக்கிச் சுத்தியலைக் கீழே விட்டு, மறுபடியும் முதல் குண்டிலிருந்து தொடங்கச் சொன்னார். ஏழு மீட்டர் தூரம். இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாம் ஒரு சாசர் அளவுக்குள் விழுந்தன. சின்ன மாமா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அவ்வளவு மெதுவான உதை, அவ்வளவு நேரான பிஸ்டல். முதல் குண்டு மட்டும் பத்தில் ஏழு தடவை கீழே இடது பக்கம் தாளை விட்டே போனது.

ஆறு வாரம் போனேன். முதல் குண்டு பத்தில் நாலு தவறுகிற அளவுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

நடுராத்திரியில் நடுங்குகிற கையோடு நான் சுட நேர்ந்தால் எனக்கு இருப்பது அந்த முதல் குண்டுதான். அது தவறினால் எங்கே போகும்? எங்கள் வீட்டில் கூடத்துக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தடுப்பு. அதைத் தாண்டி அடுத்த வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சாட்ஸ்வர்த்தில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும். 9 மில்லிமீட்டர் குண்டு அந்தத் தடுப்பில் நிற்காது.

பயிற்சியாளரிடம் கேட்டேன், அப்படியானால் நாத்தனார் மகன் சொல்வதுதான் சரியா என்று. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நீளமான முதல் விசை ஒரு காவல் என்றார். பதற்றத்தில் விரல் விசைமேல் போய்விட்டால் லேசான விசை சட்டென்று சுட்டுவிடும், இது யோசிக்க அரை நொடி தரும். உறையில் செருகும்போது கட்டைவிரலைச் சுத்தியல்மேல் வைத்துக்கொண்டால், உள்ளே சட்டைத் துணி விசையில் மாட்டினாலும் சுத்தியல் அசைவது விரலுக்குத் தெரிந்துவிடும். தினம் கட்டிக்கொண்டு திரிகிற போலீஸ்காரருக்கு, கை எட்டுகிறவருக்கு, இது அருமையான பிஸ்டல், உனக்கு எட்டவில்லை, அவ்வளவுதான் என்றார். வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டது பிஸ்டலைப் பற்றியே இல்லை, அவரவர் கையைப் பற்றியும் அவரவர் வேலையைப் பற்றியும்தான் என்று அன்று திரும்பி வரும் வழியில் எனக்குத் தோன்றியது. என் கையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, மாமாவின் பொருள் என்கிற பாசத்தில்.

நான் விண்ணப்பிக்கவில்லை. வேறு சின்னப் பிஸ்டலும் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தப் பணத்தில் முன்வாசலுக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு போட்டோம், பூட்டு உள்பக்கம். இது ஒவ்வொரு வீட்டுக்கும் சரி என்று நான் சொல்லமாட்டேன். தனியாக இருக்கிற பெண்கள் பலர் இங்கே முறையாகப் பழகி, முறையாக வைத்திருக்கிறார்கள், களத்தில் அவர்களோடு நின்று சுட்டிருக்கிறேன், அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான்.

பிஸ்டல் கொழுந்தனாருக்குப் போகிறது. அவர் ஏற்கெனவே சுடும் போட்டிகளுக்குப் போகிறவர், அப்பாவின் கை அப்படியே அவருக்கு. போன வாரம் விண்ணப்பம் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு வந்தார். வந்த செய்தியை அத்தையிடம் சொன்னபோது அவர் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்:

"பெட்டியை எந்தச் சுவத்துல இறுக்கப் போறான்? பிள்ளைங்க ரூம் பக்கம் வேண்டாம்னு சொல்லு."