கண்டதேவித் தேரும் எங்கள் வீட்டு மொய் நோட்டும்

தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவித் தேர், 2006-க்குப் பிறகு 2024 ஜூன் 21 அன்றுதான் ஓடியது. உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறவுசேரி என்று நான்கு நாடுகளின், அதாவது ஊர்த் தொகுதிகளின், நாட்டார். அவர்களோடு பட்டியல் சாதி மக்களும் வடம் பிடித்தார்கள். யார் வடம் தொடலாம் என்ற தகராறில் கோர்ட் வரை போன தேர் அது.

சந்தோஷம்தான். ஆனால் அத்தனை போலீஸ் நின்றுதான் நடந்தது என்பது மனசைக் குத்துகிறது. தேர் ஒரு நாளில் நிலைக்கு வந்துவிடும். மற்ற நாளெல்லாம்?

போன மாதம் பரணில் இருந்து அக்கா கல்யாண மொய் நோட்டை எடுத்தேன். ஓரம் செல்லரித்த பக்கங்கள், நீல மையில் ஊர் ஊராகப் பெயர்கள். பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பெயர்கூட இல்லை. எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள் அவர்கள். "நாம கூப்பிடவே இல்லையேப்பா" என்றார் அப்பா. அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் ஒரு காதுகுத்து. இருவரும் போனோம். மொய் எழுதிய பையன் வழக்கம்போல, "எந்த ஊருங்கய்யா?" என்று கேட்டான்.

"இந்த ஊருதாம்ப்பா."

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அந்த வீட்டுக்குத்தான் என்று திரும்பும் வழியில் அப்பா சொன்னார்.