பத்தரை மணி கால்

நவம்பர் 3, 2025, திங்கள்

அமெரிக்காவில் நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். மதுரையில் எனக்கு அது பறிபோனது. நியூயார்க் ஆபீஸுடன் அவர்களின் நண்பகல் 12 மணிக்கு நடக்கும் தினசரி மீட்டிங் கால் இங்கே இரவு 9.30க்கு இருந்தது, இன்றிலிருந்து 10.30. மார்ச் 8-ல் அவர்கள் கடிகாரத்தைத் திரும்ப முன்னால் தள்ளும் வரை இதே கதைதான். முடிய 11.40 ஆனது. லேப்டாப்பை மூடியும், யார் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மண்டைக்குள் ஒரு மணி வரை ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 5, புதன்

"வீட்லதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு அத்தை கோயிலுக்குப் போய்விட்டார். சிலிண்டர் சரியாக டீம் மீட்டிங் நடுவில்தான் வந்தது. மியூட் போட்டு ஓடி, ஓடிபி சொல்லி, திரும்பி வந்தால் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை அதிகமாக இருப்பதைச் சமாளித்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போதுதான் படபடவென்று வருகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வாரம் முழுக்க விட்ட தூக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கப் பத்து மணி வரை படுத்திருந்தேன். இப்போது நள்ளிரவு, கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் கண்ணைச் சொக்க வைப்பது. பத்து மணிக்கு எழுந்தவளுக்கு அது எங்கே சேரும்? போதாததற்கு சாயங்காலக் காபி வேறு. குடித்த காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். படுக்கும் நேரம் நியூயார்க்கின் கையில் இருக்கிறது, எழும் நேரமாவது என் கையில் இருக்கட்டும். இனி தினமும் ஏழு மணி, ஞாயிறு உட்பட.

நவம்பர் 12, புதன்

கட்டிலில் சாய்ந்து வேலை பார்ப்பதை நிறுத்தியாச்சு. அத்தையின் தையல் மெஷின் மேஜைதான் இப்போது என் ஆபீஸ். இருபது நிமிடம் போல புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. நேற்றிரவு எழுந்துபோய் சமையலறையில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்தேன். நகக்கண் எரிந்தது, ஆனால் ஒரு கிண்ணம் நிறைவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. காலையில் கிண்ணத்தைப் பார்த்த அத்தை, "பேய் வந்து உரிச்சு வச்சுட்டுப் போச்சா?" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒண்ணு. ஐந்து மணிக்கே தெருமுனை ஸ்பீக்கரில் ஐயப்பன் பாட்டு. சாமியிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? காதில் பஞ்சு. மதியம் சாப்பிட்டதும் அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணயர்ந்தேன். அதற்கு மேல் போனால் ராத்திரித் தூக்கம் காலி.

நவம்பர் 20, வியாழன்

மேனேஜரிடம் கேட்டே விட்டேன். தினமும் இரவு நடக்கும் மீட்டிங்கை வாரம் இரண்டாகக் குறைத்து, மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்குள் மெயிலில் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றேன். "டிரை பண்ணிப் பார்க்கலாம்" என்றார். இதைக் கேட்க இத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது தனிக்கதை.

நவம்பர் 26, புதன்

நாளை அங்கே தேங்க்ஸ்கிவிங். இன்றும் மெயிலோடு முடிந்தது, திங்கள் வரை கால் கிடையாது. வீட்டுக்காரர் குஷியாகிவிட்டார்: "நாளைக்கு செகண்ட் ஷோ போலாமா?" ஈவினிங் ஷோ என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.